சிப்பிப்பாறை குரைக்கவே மாட்டேங்குது, சொன்னா குரைக்கிற மாதிரி பழக்க முடியுமா?

பாலமேடு தோப்பு:

வணக்கம். பாலமேட்டுக்குப் பக்கத்துல மாந்தோப்புக்குள்ள எங்க வீடு. அம்மா மட்டும்தான் அங்க இருக்காங்க. எழுபதைத் தாண்டிட்டாங்க, முட்டிவலி வேற. நான் மதுரைல வேலை பார்க்கிறதால சனி, ஞாயிறுதான் போக முடியுது. காவலுக்குன்னு ஒரு சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறோம். ஆண், ரெண்டு வயசு, சாம்பல் நிறம். நல்லா சாப்பிடுவான், நல்லா ஓடுவான், மத்த நேரம் அம்மா காலடியிலேயே கிடப்பான். குரைக்கத்தான் மாட்டேங்கிறான். ஆள் வந்தா எந்திரிச்சு நின்னு காதைத் தூக்கிப் பார்ப்பான், அதோட சரி. வேலியோரம் கீரி ஓடினா ரெண்டு தடவை வள்ளுனு வரும். கேட்டைத் தட்டினா எப்பவாவது ஒரு சின்னச் சத்தம்.

அம்மா வீட்டுக்குள்ள இருந்து சொன்னா அவன் குரைக்கணும், போதும்னா நிறுத்தணும். இவ்வளவு போதும் எனக்கு. கடிக்கப் பழக்குற எண்ணமே இல்ல. தோப்பு வேலைக்கு வர்றவங்க, பால்காரர், பக்கத்து வீட்டுப் பிள்ளைங்கன்னு ஆள் வந்து போற இடம். சோத்துல மிளகாய்ப்பொடி கலந்து போடு, பகல்ல இருட்டு ரூம்ல கட்டிப் போடுன்னு ஊர்ல சிலர் சொல்றாங்க. அம்மாவுக்கு அதுல இஷ்டமில்ல, எனக்கும் இல்ல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோம்பைக்காரன்:

தம்பி, அம்மா சொன்னதுதான் சரி. மிளகாய்ப்பொடி வயித்தைப் புண்ணாக்கும், இருட்டு ரூம் நாயைப் பயந்தாங்கொள்ளியாக்கும். பயந்த நாய் ஒண்ணு பதுங்கும், இல்ல யாரையாவது கடிச்சு வைக்கும். குரைப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.

உங்க நாய்கிட்ட குறையும் இல்ல. சிப்பிப்பாறை, கன்னி ரெண்டும் கண்ணால பார்த்து ஓடிப் பிடிக்கிற சாதி. ஓட்டத்துக்கும் பார்வைக்கும்னே தலைமுறை தலைமுறையா வளர்த்தாங்க, தொண்டைக்கு இல்ல. கோம்பை நாய் மாதிரி இலை அசைஞ்சாலே சத்தம் போடுறது இதுகளோட குணம் கிடையாது. ஆனா கீரியைப் பார்த்துக் குரைக்கிறான்ல, அப்ப குரைக்கத் தெரியும். ஏற்கெனவே இருக்கிற குரைப்பை ஒரு சொல்லோட கட்டிப் போடுறதுதான் இனி நம்ம வேலை.

அதுக்கு நம்ம கைக்கு அடங்கின ஒரு தூண்டுதல் வேணும். கீரி நாம கூப்பிட்ட நேரத்துக்கு வராது. கேட் சத்தம் வரும். கேட் தாழ்ப்பாள்ல சணல் கயிறு ஒண்ணைக் கட்டி, பதினஞ்சு இருபது அடி தள்ளி அம்மா உட்கார்ற நாற்காலி வரைக்கும் தரையோட கொண்டு வந்துருங்க. லேசா இழுத்தா தாழ்ப்பாள் கடகடன்னு ஆடும். இப்படி வச்சா கேட்டைத் தட்டத் தனியா ஆள் வேண்டாம், நீங்க இல்லாத நாள்லயும் அம்மா உட்கார்ந்த இடத்துல இருந்தே பழக்கலாம். கயிறு இழுக்கிற கையை மட்டும் நாய் பார்க்கக் கூடாது. முந்தானைக்குள்ளயோ முதுகுக்குப் பின்னாடியோ இருக்கட்டும். பார்த்துட்டான்னா கை அசையுறதுதான் உத்தரவுன்னு முடிவு பண்ணிருவான், சொல்லு மண்டையில ஏறாது.

தீனிக்கு வேகவைச்ச கோழிக்கறி. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேரக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கிக்கங்க, ஒரு வேளைக்கு முப்பது துண்டு போதும். அந்த அளவை ராத்திரிச் சோத்துல குறைச்சிருங்க. ஈரலும் கொடுக்கலாம், பயங்கரமா ஆசைப்படும், ஆனா தினமும் வேண்டாம். வைட்டமின் ஏ சேர்ந்துக்கிட்டே போகும்.

அடுத்து ஒரு பால்பாயின்ட் பேனா. டிக்னு அமுக்குங்க, உடனே ஒரு துண்டு கறி. நாய் என்ன பண்ணிட்டு இருந்தாலும் பரவாயில்ல. டிக், கறி, டிக், கறின்னு ஒரு பதினஞ்சு தடவை. பிறகு டிக் கேட்டதும் தலையைத் திருப்பி உங்க கையைப் பார்த்தான்னா அது பதிஞ்சிருச்சு. நீ இப்பப் பண்ணினியே, அதுக்குத்தான் கறின்னு அந்த நொடியிலயே சொல்லத்தான் இந்த டிக். குரைப்பு கண் இமைக்கிற நேரத்துல முடிஞ்சு போயிரும், கறியை எடுத்து நீட்டுறதுக்குள்ள நாய் தரையை மோந்துக்கிட்டு நிக்கும். அப்பக் கொடுத்தா நீங்க மோப்பத்துக்குக் கூலி கொடுத்த கணக்கு.

இப்ப பாடம். நாய் சும்மா நிக்கட்டும். சாதாரணக் குரல்ல "யாரு?"ன்னு ஒரே தடவை சொல்லுங்க. மனசுல ஒண்ணு எண்ணுங்க. கயித்தை இழுங்க. தாழ்ப்பாள் ஆடும், அவன் வாயில இருந்து ஏதாவது சத்தம் வரும். வந்த அந்த நொடியில டிக், அப்புறம் கறி. இந்த வரிசை மாறவே கூடாது. சொல்லு முந்தி, தாழ்ப்பாள் பிந்தி. ரெண்டையும் ஒண்ணா பண்ணினா நாய் தாழ்ப்பாளை மட்டும் கேட்கும். தாழ்ப்பாள் ஆடின பிறகு சொன்னா அந்தச் சொல்லுக்கு மதிப்பே இல்ல. நாய்க்கு நம்ம தமிழ் புரியாது, எது வந்தா அடுத்து எது வரும்னுதான் புரியும். "யாரு" வந்தா தாழ்ப்பாள் ஆடப்போகுதுன்னு தெரிஞ்சதும், தாழ்ப்பாளுக்குக் காத்திருக்காம முன்கூட்டியே குரைக்க ஆரம்பிக்கும். நாம எதிர்பார்க்கிற திருப்பம் அதுதான்.

ஒரு வேளைக்கு எட்டுப் பத்துத் தடவை, மூணு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். நாளைக்கு ரெண்டு மூணு வேளை. கூடப் பண்ணினா தாழ்ப்பாள் சத்தம் பழகிப் போய், காதைக் கூடத் தூக்க மாட்டான். அப்படி ஆயிருச்சுன்னா ரெண்டு நாள் கயித்தைத் தொடாதீங்க, திரும்ப ஆரம்பிக்கிறப்ப தாழ்ப்பாள்ல ஒரு பழைய தகர டப்பாவைக் கட்டி சத்தத்தை மாத்துங்க. நேரம், காலையில ஆறு மணி வாக்குல, இல்ல பொழுது சாஞ்ச பிறகு, வயிறு நிறையுறதுக்கு முன்னாடி. நம்ம ஊர் வெயில்ல மத்தியானம் நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கிற நாய்க்குக் குரைக்க மூச்சு மிஞ்சாது.

நாலஞ்சு நாள் கழிச்சு சோதனை. "யாரு?"ன்னு சொல்லிட்டுக் கயித்தைத் தொடாம மூணு எண்ணுற வரைக்கும் காத்திருங்க. குரைச்சான்னா டிக், அஞ்சாறு துண்டை ஒண்ணொண்ணா வரிசையாக் கொடுங்க. பெரிய பரிசுன்னு அவனுக்குத் தெரியணும். குரைக்கலைன்னா "யாரு, யாரு, யாரு"ன்னு அடுக்காதீங்க. கயித்தை இழுத்து அந்தச் சுத்தை முடிச்சிட்டு, இன்னும் ரெண்டு நாள் பழைய மாதிரியே பண்ணுங்க. பிறகு நாலுக்கு ஒண்ணு கயிறில்லாம, அப்புறம் ரெண்டுக்கு ஒண்ணு. பத்துல எட்டு கயிறில்லாம வந்தா கயித்தை அவிழ்த்துரலாம்.

இன்னொண்ணு, சாதுவான நாய் முன்னாடி நிமிர்ந்து நின்னு கண்ணைக் கண்ணைப் பார்த்தா வாயே திறக்காது. பக்கவாட்டுல திரும்பி உட்காருங்க. உதட்டை நக்குறது, கொட்டாவி விடுறது, வாலை இடுக்குறது தெரிஞ்சா அந்த வேளைக்கு அதோட நிறுத்திருங்க.

மருந்துப்பெட்டி:

பயிற்சி விவரங்கள் சரியாக உள்ளன. தொடங்குமுன் கவனிக்க வேண்டிய சில உடல்நல விஷயங்களைச் சேர்க்கிறேன், இத்திரியைப் பிறகு படிப்பவர்களுக்கும் பயன்படும்.

குட்டியிலிருந்தே அதிகம் குரைக்காத நாய் வேறு, நன்றாகக் குரைத்துக்கொண்டிருந்து திடீரென்று சத்தம் குறைந்த நாய் வேறு. இரண்டாவது வகையைப் பயிற்சிக்கு முன் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வயதான, பெரிய உடம்புள்ள நாய்களில் குரல்வளைத் தசைகள் செயலிழப்பது உண்டு. குரல் கரகரப்பாகும், மூச்சு இழுக்கும்போது சத்தம் வரும், தண்ணீர் குடித்தால் இருமும், வெயிலில் சீக்கிரம் தளரும். நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சலும் சாதாரணம். நாய் மந்தமாக இருந்து, ஈறு வெளுத்து, சாப்பாட்டில் நாட்டம் குறைந்தால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காது மடலின் உட்புறம், கால் விரல் இடுக்கு இரண்டிலும் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

குரல் மாற்றம் வெறிநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். தொண்டைத் தசைகள் தளர்வதால் குரைப்பு கரகரத்து ஊளைபோல் நீளும், தாடை தொங்கும், எச்சில் வழியும், விழுங்க முடியாது. பார்ப்பவர்கள் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கடியோ கீறலோ பட்டால், அல்லது புண்ணில் எச்சில் பட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி தவறக் கூடாது.

காது கேட்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். முழு வெள்ளை நிறமுள்ள ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை உண்டு. நாய் அசந்து படுத்திருக்கும்போது பின்னால் பத்தடி தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரை அதிரக் கூடாது, நிழல் விழக் கூடாது, காற்று உங்களிடமிருந்து நாயின் பக்கம் அடிக்கக் கூடாது. காது அசைந்தால் போதும். ஆனால் ஒரு காது மட்டும் கேட்காத நாயை இந்தச் சோதனையில் கண்டுபிடிக்க முடியாது. கேள்வி கேட்டவரின் நாய் ஆள் வந்ததும் காதைத் தூக்குகிறது, கேட்டுச் சத்தத்துக்கும் அசைகிறது. அதற்குச் சொல்லும் சைகையும் இரண்டுமே சொல்லித்தரலாம்.

கழுத்தில் ஒல்லியான பெல்ட்டோ சங்கிலியோ போட்டு இழுத்துப் பிடித்தபடி குரைக்கச் சொல்லாதீர்கள். இந்த இனங்களுக்குக் கழுத்து நீளம், சதை குறைவு. தொண்டை அழுந்தினால் குரைப்பும் வராது, மூச்சுக்குழாய்க்கும் கேடு. அகலமான பெல்ட், அல்லது மார்பைச் சுற்றி மாட்டும் வார் நல்லது.

உசிலம்பட்டி கன்னி:

கோம்பைக்காரன் அண்ணே சொன்ன முறை கச்சிதம். ரெண்டு இடத்துல மட்டும் என் கருத்து வேற.

முதலாவது, "யாரு"ங்கிற சொல்லு. வீட்டுல போன் வந்தா யாரு, வாசல்ல ஆள் நின்னா யாரு, டிவில ஒருத்தன் பேசினா யாரு. நாளெல்லாம் காதுல விழுற சொல்லு அது. ஒவ்வொரு தடவையும் நாய் குரைச்சு கூலி கிடைக்காமப் போனா, கொஞ்ச நாள்ல அந்தச் சொல்லு செத்துரும். அம்மா வேற எதுக்கும் பயன்படுத்தாத சொல்லா இருக்கணும், ரெண்டு எழுத்துல முடியணும், நாய் பேர் மாதிரி ஒலிக்கக் கூடாது. "காவு"ன்னு வைங்க, "கூவு"ன்னு வைங்க. "ச்சூ"ன்னு மட்டும் வேண்டவே வேண்டாம். நம்ம பக்கத்துல அது நாயை ஏவி விடுற சத்தம். பக்கத்துல யாராவது கோழியை விரட்ட ச்சூன்னாலும் இவன் பாய்ஞ்சிருவான்.

ரெண்டாவது, தீனி. வேட்டைச் சாதிக்குக் கறியை விட ஓடுற பொருள் மேல வெறி ஜாஸ்தி. தாழ்ப்பாளுக்குச் சரியா சத்தம் வரலைன்னா இதைப் பண்ணிப் பாருங்க. ஆறடி மூங்கில் கம்பு, அதன் நுனியில ஆறடிக் கயிறு, கயிறு முடிவுல பழைய துணி முடிச்சு. நாயை மார் வாரோட ஒரு மரத்துல கட்டிக்கங்க. வாய் எட்டுறதுக்கு ஒரு முழம் தள்ளி துணியைத் தரையோட இழுங்க, வெடுக்குன்னு நிறுத்துங்க, திரும்ப இழுங்க. அவன் முன்னங்காலைத் தூக்கித் துடிப்பான். அந்தத் துடிப்பு உச்சத்துக்குப் போறப்ப துணியை அசையாம நிறுத்தி, சொல்லைச் சொல்லிட்டுச் சும்மா நில்லுங்க. பிடிக்க முடியலையேங்கிற ஆத்திரத்துல வாயைத் திறந்துருவான். வந்த சத்தத்துக்கு டிக் போட்டு, துணியை அவன் வாய்க்கு விட்டுருங்க. பிடிச்சுக் குதறுறதுதான் அவனுக்குக் கூலி. ஒரு வேளைக்கு அஞ்சு தடவைக்கு மேல வேண்டாம். வெறும் காலோட சிமெண்ட் தரையில பண்ணினா உள்ளங்கால் தோல் உரியும், மண் தரையில பண்ணுங்க. துணியைப் பிடிக்க விடாம ஏமாத்திக்கிட்டே இருந்தா ரெண்டே நாள்ல ஆசை விட்டுப் போயிரும். இது அம்மாவால முடியாது, வாரக் கடைசியில நீங்க பண்ண வேண்டியது.

பட்டாசு கொளுத்திப் போடுறது, ஆளை விட்டுச் சீண்டுறது, கரண்ட் அடிக்கிற கழுத்துப் பட்டை, இதெல்லாம் யார் சொன்னாலும் கேட்காதீங்க. சீண்டிக் குரைக்க வைச்ச நாய் ஆளைக் கண்டாலே கோபப்படக் கத்துக்கும், சொன்னதுக்குக் குரைக்கக் கத்துக்காது. தோப்புல மயில் வருதுன்னு இவனை ஏவிப் பழக்கவும் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல மயில் முதல் அட்டவணையில இருக்கு.

பாலமேடு தோப்பு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கயிறு கட்டியாச்சு, "கூவு"ன்னே வைச்சிருக்கோம். அம்மா காலையும் சாயங்காலமும் பண்றாங்க. டிக் கேட்டா ஓடி வர்றான். தாழ்ப்பாள் ஆடினா வாயை மூடிக்கிட்டே தொண்டைக்குள்ள "உஃப்"னு ஒரு சத்தம், சில நேரம் அம்மாவைப் பார்த்து அனத்துறான். முழுக் குரைப்பு வரல. அந்த உஃப்புக்கே கறி கொடுத்துக்கிட்டு இருக்கிறது சரியா?

இன்னொரு சந்தேகம். ராத்திரி அம்மா கட்டில்ல படுத்திருக்கிறப்ப வெளிய ஆள் நடமாட்டம் தெரிஞ்சா, வாயைத் திறந்து சொல்லுறது வெளிய நிக்கிறவனுக்கும் கேட்கும்ல? இருட்டுல கைச் சைகையும் தெரியாது. டார்ச் அடிச்சு சைகை காட்டலாமா?

கோம்பைக்காரன்:

"யாரு" விஷயத்துல உசிலம்பட்டிக்காரர் சொன்னது சரிதான், "கூவு" நல்ல தேர்வு.

உஃப்புக்குக் கொடுத்தது தப்பே இல்ல, அங்க இருந்துதான் ஏறணும். ஆனா அதுலயே நின்னுறக் கூடாது. அஞ்சாறு வேளை எல்லா உஃப்புக்கும் கொடுங்க. சொன்னதும் தயங்காம உஃப் வர ஆரம்பிச்ச பிறகு, முதல் உஃப்புக்கு டிக் போடாம ரெண்டு நொடி சும்மா இருங்க. என்னடா கறி வரலையேன்னு அதை விடக் கொஞ்சம் பலமா இன்னொண்ணு போடுவான். அதுக்கு டிக். அடுத்த கட்டம், வாய் திறந்து வர்ற சத்தத்துக்கு மட்டும். பிறகு தலை பின்னாடி போய், மார்பு அதிர்ந்து வர்ற முழு வள்ளுக்கு மட்டும். நாயோட மார்புக்கூட்டைக் கவனிங்க. உஃப்புக்கு அது அசையாது, நிஜக் குரைப்புக்கு விலா ஒரு தடவை சுருங்கி விரியும். காதை விடக் கண்ணு இதுல நம்பகமானது.

ஒரு படியில பத்துக்கு எட்டு வந்தா அடுத்த படி. தொடர்ந்து மூணு தடவை தோத்தான்னா ஒரு படி கீழ இறங்கி, ஜெயிக்க வைச்சு, அந்த வேளையை முடிச்சிருங்க. தோல்வியோட முடிச்சா அடுத்த வேளை நாற்காலிப் பக்கமே வர மாட்டான்.

அனத்தலுக்கு மட்டும் கண்டிப்பா கொடுக்காதீங்க. அனத்தல் குரைப்போட தம்பி இல்ல, அது கெஞ்சல். ஒரு தடவை கூலி கொடுத்தா அதுதான் பாடம்னு நினைச்சுக்கும், பிறகு மாத்துறது பெரும்பாடு. அவன் அனத்தினா அம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டு அஞ்சு நொடி சும்மா இருக்கணும், பிறகு புதுசா ஒரு சுத்து. ஓயாம அனத்தினா பாடம் கஷ்டமாப் போச்சுன்னு அர்த்தம், படியைக் குறைங்க.

இப்ப ராத்திரி விஷயம். டார்ச் வேண்டவே வேண்டாம். வெளிச்சத்தைத் துரத்துற பழக்கம் வேட்டைச் சாதிக்கு வெகு சீக்கிரம் தொத்திக்கும். அப்புறம் சுவத்துல விழுற நிழலையே நாள் முழுக்கப் பார்த்துக்கிட்டு நிக்கும், லேசுல விடாது. லேசரும் அப்படித்தான்.

அம்மா படுக்கிறது இரும்புக் கட்டிலா? அப்படின்னா கட்டில் சட்டத்துல எவர்சில்வர் டம்ளரால ரெண்டு தட்டு, டிங் டிங். இருட்டுலயும் கேட்கும், படுத்த வாக்குலயே பண்ணலாம், வெளிய இருக்கிறவனுக்கு அது என்னன்னு புரியாது. கைத்தடியைத் தரையில தட்டுறது வேண்டாம். அம்மா நடக்கிறப்பெல்லாம் அந்தச் சத்தம் வரும், நாய் குழம்பிரும். அடுப்படியில டம்ளர் சத்தம் கேட்குமேன்னு நினைக்கலாம். இரும்புச் சட்டத்துல பட்டு வர்ற கணீர் வேற, சத்தம் வர்ற இடமும் வேற. முதல் ஒரு வாரம் சமையல் சத்தத்துக்கும் குரைச்சுப் பார்ப்பான், கூலி கிடைக்காததால விட்டுருவான்.

"கூவு" உறுதியான பிறகுதான் இதை ஆரம்பிக்கணும். வரிசை அதேதான், புதுசு முந்தி, பழசு பிந்தி. டிங் டிங், ஒரு நொடி, "கூவு", குரைப்பு, டிக், கறி. "கூவு"ன்னு சொல்லிக்கிட்டே டம்ளரைத் தட்டினா தெரிஞ்சதை மட்டும் கேட்டுட்டுத் தெரியாததை விட்டுரும். பதினஞ்சு இருபது தடவை இப்படிப் பண்ணிட்டு, டிங் டிங் முடிஞ்சு மூணு எண்ணுற வரைக்கும் வாய் திறக்காம இருங்க. குரைச்சா அதுக்குப் பெரிய பரிசு. இதே மாதிரி பகலுக்குக் கைச் சைகையும் வைக்கலாம், விரல் அஞ்சையும் விரிச்சு மூடுறது போதும்.

மாடிவீட்டு அக்கா:

தம்பி, நிறுத்தச் சொல்லிக் கொடுக்கிறதை யாரும் விவரமா எழுதலையே. குரைக்கச் சொல்லிக் கொடுத்துட்டு இதை விட்டுட்டா மூணாவது வாரம் அம்மா தூங்க முடியாது.

"கூவு" பத்துக்கு எட்டு வர ஆரம்பிச்ச அன்னைக்கே "போதும்" ஆரம்பிச்சிரணும். கூவு சொல்லுங்க, ரெண்டு மூணு குரைக்கட்டும். "போதும்"னு மெதுவாச் சொல்லிட்டு ஒரு துண்டு கறியை மூக்கு நுனிக்குக் கொண்டு போங்க. மோந்துக்கிட்டே குரைக்க நாயால முடியாது. வாய் மூடி ஒரு நொடி ஆனதும் டிக், கறி. பிறகு ரெண்டு நொடி, நாலு, எட்டு, பதினஞ்சுன்னு நீட்டுங்க. நடுவுல குரைச்சா திட்ட வேண்டாம், எண்ணிக்கையை முதல்ல இருந்து ஆரம்பிங்க. நாலு நாள்ல கறியை மூக்குக்குக் கொண்டு போறதை விட்டுட்டு வெறுங்கையைக் கொண்டு போங்க, அப்புறம் கையும் வேண்டாம். சத்தமா "போதும்டா!"ன்னு அதட்டினா நாமளும் கூடச் சேர்ந்து குரைக்கிறோம்னு நினைக்கும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. கெட்டிக்கார நாய் "குரைச்சா போதும்னு சொல்வாங்க, சும்மா இருந்தா கறி"ன்னு கணக்குப் போட்டு, தானாவே குரைச்சிட்டு அமைதியா உங்க கையைப் பார்க்கும். அதுக்குத்தான் சும்மா படுத்திருக்கிற நேரத்துலயும் நாளைக்கு நாலஞ்சு தடவை கூப்பிடாமலே ஒரு துண்டு போடணும். குரைக்காம இருக்கிறதுக்கும் கூலி உண்டுன்னு தெரிஞ்சிரும்.

சொல்லாம உங்க முகத்தைப் பார்த்துக் குரைச்சா அது தீனி கேட்கிறது. ஒரு சொல் பேசக் கூடாது, திட்டவும் கூடாது, எந்திரிச்சு அடுத்த அறைக்குப் போயிருங்க. ரெண்டு மூணு நாள் முன்னை விட அதிகமாக் குரைக்கும். அந்த நேரத்துல தாங்காம ஒரு துண்டு போட்டீங்கன்னா, விடாமக் குரைச்சா கிடைக்கும்னு கத்துக்கொடுத்த மாதிரி ஆயிரும். ஆனா கேட்டைப் பார்த்து, வெளிய பார்த்துக் குரைச்சா அதை அலட்சியம் பண்ணவே கூடாது. உங்களுக்கு வேண்டியதே அந்தக் குரைப்புதான். அம்மா எந்திரிச்சு எட்டிப் பார்த்துட்டு, "போதும்"னு சொல்லி, அமைதியானதும் கறி கொடுக்கணும். முட்டிவலியோட எந்திரிக்க முடியலைன்னா ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தாலே போதும். தன் சத்தத்தை ஒருத்தர் காதுல வாங்கினாங்கன்னு நாய்க்குத் தெரியணும். இந்த ரெண்டு குரைப்பையும் ஒண்ணா நினைச்சு நடத்தினா நாய் கேட்டைப் பார்த்தும் குரைக்காமப் போயிரும்.

சோத்துத் தட்டை வைக்கிறதுக்கு முன்னாடி "கூவு" சொல்லிக் குரைக்க வைக்கிற பழக்கம் பல வீட்டுல இருக்கு. பார்க்க அழகா இருக்கும். ஒரு மாசத்துல தட்டுச் சத்தம் கேட்டாலே வீடு இடியும். வேண்டாம்.

உசிலம்பட்டி கன்னி:

அக்கா சொன்னது முக்கியம். அதோட இன்னொண்ணு. வாசல்ல கத்துக்கிட்டதை நாய் கட்டிலோரம் அப்படியே பண்ணாது. இடம் மாறினா பாடமே புதுசுன்னு நினைக்கும். அதனால நாற்காலிப் பக்கம் முடிஞ்சதும் திண்ணை, அப்புறம் அடுப்படி, அப்புறம் கட்டில்னு ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு மூணு நாள், முதல் படியில இருந்தே. தூரத்தையும் அப்படித்தான் கூட்டணும். நாய் கையெட்டுற இடத்துல இருந்து ஆரம்பிச்சு மூணடி, பத்தடி, பிறகு அவன் வெளித் திண்ணையிலயும் அம்மா உள்ளயும். கதவைச் சாத்தின பிறகு டம்ளர் சத்தம் அவனுக்கு எட்டுதான்னு பாருங்க. ராத்திரி ஃபேன் ஓடுறப்பவும் பார்க்கணும். எட்டலைன்னா அவன் படுக்கிற சாக்கை அம்மா அறை ஜன்னலுக்குக் கீழ மாத்திருங்க.

எத்தனை குரைப்புங்கிறதும் நம்ம கையில இருக்கு. எப்பவும் முதல் குரைப்புக்கே டிக் போட்டா ஒண்ணே ஒண்ணு குரைச்சிட்டு கறிக்குத் திரும்பிருவான், வெளிய நிக்கிறவன் அதுக்கெல்லாம் அசர மாட்டான். ரெண்டுக்கு ஒரு தடவை, அஞ்சுக்கு ஒரு தடவை, மூணுக்கு ஒரு தடவைன்னு மாத்தி மாத்தி டிக் போடுங்க. எப்ப கூலி வரும்னு தெரியாத நாய் விடாமக் குரைக்கும். ஏழெட்டு தொடர்ச்சியா வந்தா வீட்டுக்குப் போதும்.

நல்லாப் பழகின பிறகு ஒவ்வொரு தடவையும் கறி தேவையில்ல, ஆனா அடியோட நிறுத்திறாதீங்க. நீங்க சனிக்கிழமை போறப்ப, இருட்டின பிறகு அவனுக்குப் பழக்கமில்லாத ஒருத்தரை வேலிக்கு வெளிய நடக்கச் சொல்லி, அம்மாவை டம்ளரைத் தட்டச் சொல்லிப் பாருங்க. அந்த ஆள் வேலியைத் தொடவோ அவனைச் சீண்டவோ கூடாது, நடந்து போனாப் போதும். மாசத்துக்கு ரெண்டு தடவை இதைப் பண்ணினா பாடம் மறக்காது. தோப்பு வேலைக்கு வர்றவங்ககிட்டயும் பால்காரர்கிட்டயும் இப்பவே சொல்லி வைச்சிருங்க. நேத்து வரைக்கும் வாலாட்டின நாய் திடீர்னு குரைச்சா பயந்து போய் யாராவது கல்லை எடுப்பாங்க. ஒரு கல்லு பட்டா அவன் திரும்ப வாயை மூடிருவான்.